பழைய கண்டாங்கியைப் போர்வையாக்கித் தரும் கோட்டையூர் தையல் வீடு

பரம்பரைத் துணி பெட்டகத்தில் கிடக்கிறது, வெட்டவும் மனசு வரவில்லை, வைத்துக் காப்பாற்றவும் முடியவில்லை என்று இருப்பவர்களுக்கு இந்தத் தையல் வீட்டைத் தயங்காமல் சொல்வேன். பருத்தி வைத்திருப்பவர்கள் நேராகப் போய்விடலாம். பட்டு வைத்திருப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். கொண்டுபோகிற பட்டில் பெரும்பகுதியை அங்கே தைக்கிற அம்மா அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கூலி கிடைக்கிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற தையல்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்காகவே எழுத உட்கார்ந்தேன்.

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகும் வழியில், உள்ளே பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. போர்வை தைக்கிற வீடு என்று விசாரித்தால் காட்டுவார்கள். திண்ணையில் இரண்டு தையல் மிஷின், உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த கூடம். துணி விரிப்பது, அளப்பது, வெட்டுவது எல்லாம் அந்தத் தரையில்தான். நடத்துகிற அம்மா அறுபதை நெருங்குகிறவர், நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா காரைக்குடியில் குழித்தறியில் கண்டாங்கி, அதாவது செட்டிநாட்டுக் கட்டம் போட்ட நூல் சேலை, நெய்தவர். மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் கூடமாட வேலை செய்கிறார்கள். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னை ஆச்சி என்பார்.

எனக்கு வந்த துணி கண்டனூரில் இருந்த எங்கள் ஆயா (பாட்டி) வீட்டுத் துணி. சாமான் பிரித்தபோது வெள்ளியும் பித்தளையும் மரச்சாமானும் அவரவர் பங்குக்குப் போயின. துணிப் பெட்டகத்தை யாரும் கேட்கவில்லை. நான் வீட்டில் தைக்கிறவள், ஒட்டுப் போர்வை போடுகிற பழக்கம் உண்டு, துணி சேர்த்து வைக்கிற குணமும் உண்டு என்பதால் அது என்னிடம் வந்தது. திறந்து பார்த்தால் கண்டாங்கி, முடிச்சிட்டுச் சாயம் போட்ட சுங்குடிச் சேலை, பட்டு, ஐயா (தாத்தா) மலேயாவிலிருந்து கொண்டுவந்த, மெழுகிட்டுச் சாயம் ஏற்றிய பாத்திக் கைலிகள், தைக்காத சீட்டித் துணி, மல் வேட்டி. இதற்கெல்லாம் அடியில், வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்த ரவிக்கைத் துண்டுகள் அடுக்கடுக்காக. ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய்ப் பினாங்கில் கிட்டங்கியில் (தொழிலும் தங்கலும் ஒன்றான இடத்தில்) இருந்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் கைலி வாங்கி வருவாராம். அதில் பாதி மடிப்புக் கலையாமலே இருந்தது.

சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்வேன். இரட்டைக் கட்டில் அளவுக்குப் போர்வை என்றால் என் மிஷினில் துணி நகராது, தரையில் விரிக்க வீட்டில் இடமும் போதாது. அதனால்தான் வெளியில் கொடுக்கத் தேடினேன். இதற்கு முன்னால் பெரிய நகரத்துக் கடை ஒன்றில் ஆத்தாவின் சேலை ஒன்றைக் கொடுத்திருந்தேன். உள்ளே செயற்கைப் பஞ்சு திணித்து, பின்னால் சாட்டின் வைத்துத் தந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. சிவகங்கைச் சீமையின் வெயிலுக்கு அதை மேலே போட்டுக்கொண்டு யார் தூங்க முடியும்?

கோட்டையூர் அக்கா முதலில் துணியின் அழகைப் பார்ப்பதில்லை, பலத்தைப் பார்க்கிறார். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சேலையைக் கையில் வாங்கியதும் திண்ணைக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முந்தியிலிருந்து மறுகோடி வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்க்கிறார். நைந்த இடம் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும். அங்கே ஒரு ஊக்கு குத்துகிறார். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாவு (நீள நூல்) ஓடுகிற திசையில் ஒரு இழுப்பு, ஊடை (குறுக்கு நூல்) ஓடுகிற திசையில் ஒரு இழுப்பு. காதைத் துணிக்குக் கிட்டே வைத்துக்கொள்கிறார். பலமான துணி சத்தம் போடாது. இற்றுப்போன நூல் மெல்லிசாக நொறுநொறுவென்று கேட்கும். எனக்கும் கேட்கச் செய்தார். ஆயாவின் கறுப்புக் கண்டாங்கியில் கரை இரும்பாக நின்றது, இடுப்பில் செருகும் இடம் மட்டும் அப்படிக் கேட்டது.

அதற்குக் காரணத்தையும் சொன்னார். கரையில் பாவு நூல் நெருக்கமாக ஓடும், அதனால் உடல் போன பிறகும் கரை நிற்கும். ஆயா காலத்தில் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டினார்கள். கொசுவம் செருகுகிற இடமும் உட்காரும்போது இழுபடுகிற இடமும்தான் முதலில் போகும். முந்தி அதிகம் தேயாது. ஆகவே ஒரு பழைய கண்டாங்கியில் எது போர்வைக்கு முகமாகும், எது உள்ளே போகும் என்பது அதைக் கட்டிய விதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. இத்தனை காலம் தைத்தும் நான் இப்படி யோசித்ததில்லை, கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்து சாயம். அரக்கும் கடுகு மஞ்சளும் ஒரே போர்வையில் வரும்போது சாயம் ஊறினால் வேலையே பாழ். ஒவ்வொரு நிறத்திலும் ஓர் ஓரத்தை நனைத்து, மேலே வெள்ளை வேட்டித் துண்டை வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுக்கிறார். என் அரக்குச் சேலை வேட்டியில் இளஞ்சிவப்பாக ஒட்டியது. அதைத் தனியே எடுத்து, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் காயப்போட்டு, தண்ணீர் தெளிவாக வருகிற வரை திரும்பத் திரும்பச் செய்தார்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஏற்கெனவே சாயம் ஏறிய துணியில் அதை நம்ப முடியாது. ஒட்டாமல் நிற்கிற மிச்சச் சாயத்தை அலசி வெளியேற்றுவதுதான் வழி. இந்த வேலைக்குத் தனிக் கூலி வாங்குகிறார், கொடுக்கத் தகும்.

ரவிக்கைத் துண்டுகளுக்கு வருவோம். எல்லார் வீட்டிலும் இருப்பது அதுதான், யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாததும் அதுதான். அக்கா ஒவ்வொரு துண்டின் ஓரத்திலிருந்தும் ஒரு நூலை உருவி, கிண்ணத்து மேலே பிடித்துத் தீக்குச்சி காட்டினார். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலானது. பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பு மணியாக உருண்டது. இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்கு நடுவே கடினமாக ஒரு துளி மிஞ்சியது. மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தால் பட்டு. கொண்டுபோன அடுக்கில் பாதிக்கு மேல் கலப்படம். பருத்தியோடு அதைச் சேர்த்துத் தைத்தால் துவைக்கும்போது பருத்தி சுருங்கும், இது சுருங்காது, தையல் ஓரமெல்லாம் நெளிந்துவிடும் என்று ஒதுக்கிவிட்டார். ஒதுக்கியதைத் தூக்கிப் போடவில்லை. பெட்டகத்தில் பித்தளைச் சாமான் சுற்றி வைக்கப் பைகளாகவும் கொட்டான் (ஓலைக் கூடை) மூடும் துணியாகவும் தைத்துக் கொடுத்தார். துவைக்க அவசியமில்லாத, இழுபடாத இடத்துக்குக் கலப்படத் துணி போதும்.

பருத்தி ரவிக்கைத் துண்டுகள் என் சொந்தக் குவியலுக்கு வந்துவிட்டன. நிறவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன், முக்கோணத் துண்டு போட அதைவிட நல்ல துணி கிடையாது.

இப்போது பெரிய போர்வை. கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் கண்டாங்கிகள் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 48 அங்குலம். முந்தி போக மிஞ்சுவதைக் குறுக்கே இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் 96 அங்குல அகலம், 100 அங்குல நீளம். இரட்டைக் கட்டிலுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. கரைகள் இரண்டும் நடுவில் ஒட்டி நிற்கும், போர்வைக்கு நடுவே பட்டையாக ஒரு கோடு ஓடும். துண்டு துண்டாக நறுக்கத் தேவையே இல்லை, ஆயாவின் கட்டம் கட்டமாகவே கிடக்கிறது. ஊக்குக் குத்திய இடங்களில் மட்டும் மேலே ஒட்டு. ஒட்டுக்கு இன்னொரு சேலையின் முந்தியிலிருந்து எடுத்தார். கட்டத்தின் கோடும் ஒட்டின் கோடும் சேர்ந்து நிற்கும்படி வைத்திருக்கிறார், சில இடங்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் இவருடைய யோசனை எனக்குப் பெரிதாகப் பட்டது. செயற்கைப் பஞ்சு சூடு. இலவம் பஞ்சு துவைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், மெத்தைக்கும் தலையணைக்கும்தான் அது ஆகும். இவர் நடுவில் வைப்பது பழைய துணியே. முகமாக வைக்கத் தாங்காத சுங்குடி, மல் வேட்டி, கிழிந்த நூல் சேலை எல்லாம் அங்கே போகிறது. மேலும் கீழும் பலமான துணி பிடித்துக்கொள்ள, மூன்று மடிப்பையும் சேர்த்து விரற்கடை இடைவெளியில் கையால் ஓட்டுத் தையல் போடுகிறார்கள். எனவே எதற்கும் உதவாது என்று நான் தனியே மூட்டை கட்டி வைத்திருந்த துணியே போர்வைக்குள் போனது. வங்காளத்தில் காந்தா என்றும் வட கர்நாடகத்தில் கௌதி என்றும் பழைய துணியை அடுக்கித் தைப்பதும் இப்படித்தான். நம் பக்கத்தில் பழஞ்சேலையைத் தூளிக்கும் பிள்ளைத் துணிக்கும் கிழித்தோமே ஒழிய, இப்படி அடுக்கித் தைத்து நான் பார்த்ததில்லை. போர்வை கனமாக இல்லை, காற்றுப் போகிறது. ஐப்பசி மழைக்குப் போர்த்திக்கொள்ளவும், மற்ற நாளில் மெத்தை மேலே விரிக்கவும் ஆகிறது. துவைத்துப் பார்த்துவிட்டேன், சாயம் ஊறவில்லை.

பாத்திக் கைலியில் இரண்டு சின்னப் போர்வை செய்தார். அந்தக் கைலிகளில் ஒரு பாகம் மட்டும் வேறு பூவேலையாக, நெருக்கமாக இருக்கும், மலாய்க்காரர்கள் அதைத் தலை என்பார்கள். அதை நடுவில் நிறுத்தி, உடல் துணியைச் சுற்றிச் சட்டம் போட்டார். ஒன்று கோலாலம்பூரில் இருக்கிற தம்பி மகளுக்குப் போய்விட்டது. மலேயாவிலிருந்து வந்த துணி திரும்ப அங்கேயே போனதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

பட்டு. ஆயாவின் முகூர்த்தப் பட்டோடு சேர்த்துச் சில காஞ்சிபுரம் சேலைகள். எல்லாவற்றையும் விரிக்காமலே, மடிப்போரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்ததால் மடிப்பு ஓடிய இடமெல்லாம் கோடு கோடாக விரிந்திருந்தது. வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றி முலாம் பூசிய அந்தக் காலத்து ஜரிகை கனமானது, மடிப்பில் அது அழுத்த அழுத்தப் பட்டு இற்றுப்போகும். “இதுல நான் கத்தரி வைக்க மாட்டேன் ஆச்சி. வெட்டினா ஓரம் நிக்காது, தண்ணியும் படக் கூடாது. போர்வைன்னா தண்ணி படாம இருக்குமா?” என்றார். கூலி கூடக் கொடுக்கிறேன் என்றேன். முடியாது என்று தலையசைத்துவிட்டார்.

ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். அதில் உடல் முழுக்க நாராகக் கிழிந்திருந்தது, கோர்வை போட்ட இடத்தில், அதாவது உடலையும் கரையையும் தறியிலேயே கோத்து இணைத்த இடத்தில், கரை தனியாகப் பிரிந்து தொங்கியது. அந்தக் கரையையும் முந்தியையும் அலசின மல் துணிமேல் கிடத்தி, மெல்லிய ஊசியால் பட்டு நூல்கொண்டு இடம் இடமாகப் பிடித்துக் கொடுத்தார். சட்டத்துக்குள் போட்டு முகப்பில் மாட்டியிருக்கிறேன், வெயில் படாத சுவரில். மற்றப் பட்டுகளுக்கு அவர் சொன்னது, பழைய மடிப்பை மாற்றி மாற்றி மடிக்க வேண்டும், முடிந்தால் மடிக்காமல் பருத்தித் துணி சேர்த்து உருளையில் சுற்றி வைக்க வேண்டும், கூட வசம்பு போட வேண்டும் என்பதுதான். பழைய பட்டு எடுக்கிறோம் என்று தெருவில் வருகிறவர்கள் வெள்ளிக்காகத்தான் கேட்கிறார்கள், எரித்து உருக்கிவிடுவார்கள். கண்டாங்கியை விலைக்குக் கேட்டும் ஒருவர் வந்தார். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதன் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நான் கொடுக்கவில்லை.

வெட்டுவதற்கு வீட்டில் எதிர்ப்பு இருந்தது. பெரியவர்கள் கட்டின சேலையில் கத்தரி வைக்கலாமா என்று அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) கேட்டார்கள். அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் பெட்டகத்துக்குள் இருந்த பட்டு தானாகவே கிழிந்ததை இருவரும் கண்ணால் பார்த்தோம். அக்கா இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒரே ரகத்தில் பல சேலை இருந்தால் நல்லதாக ஒன்றை முழுசாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதை வெட்டுவார். வெட்டும் முன் விரித்துப் போட்டுப் படம் எடுக்கச் சொல்கிறார். அரக்குக் கண்டாங்கியில் நல்லது ஒன்று அப்படி அண்ணமிண்டியிடம் இருக்கிறது, கார்த்திகைக்குக் கட்டிக்கொண்டார்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்கு வேலை முடியாது. தை, மாசியில் கல்யாணத்துக்கு ரவிக்கை வேலை குவிந்துவிடும், போர்வை ஓரமாகப் போய்விடும். என்னுடையது நன்றாகத் தள்ளிப் போனது, ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கொடுக்க நினைத்தது நடக்கவில்லை. விளிம்பு கட்டுவதில் மூலைகள் ஒரே சீராக இல்லை. பெரிய போர்வையில் ஒரு மூலை தடித்து நிற்கிறது, இந்த வேலைக்கு அது பொருத்தமில்லை. கேட்காமலே சுற்றி லேஸ் வைத்துவிடுகிற பழக்கம் இருக்கிறது, வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று நூல். அவர்கள் பாலியெஸ்டர் நூல்தான் வைத்திருக்கிறார்கள். பழந்துணிக்கு நூல் துணியைவிடப் பலமாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். இழுபடும்போது தையல் விட்டால் திரும்பத் தைத்துக்கொள்ளலாம், துணி கிழிந்தால் என்ன செய்வது? பருத்தி நூல் நானே வாங்கிக் கொடுத்தேன், மறுக்காமல் அதிலேயே தைத்தார்கள்.

கூலி, மூன்று மடிப்பு இரட்டைக் கட்டில் போர்வைக்குக் கைத் தையலோடு 4,500 ரூபாய். மிஷின் தையல் மட்டும் என்றால் 2,800. பழந்துணிக்கு மிஷின் தையல் வேண்டாம் என்பேன், ஒரே வரியில் நெருக்கமாக ஊசி குத்தினால் அந்த வரியிலேயே கிழியும். சின்னப் போர்வை 1,200. ஜீபே வாங்குகிறார்கள். வெட்டியதில் மிஞ்சிய துண்டு, விரலளவு கரை உட்பட, எல்லாம் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அது எனக்குப் பணத்தைவிடப் பெரிது, அந்தத் துண்டுகள்தான் இப்போது என் மிஷின் பக்கத்தில் இருக்கின்றன.

போகிறவர்கள் துணியை அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள். கஞ்சி ஏறிய துணியில் பூச்சி இருக்கும், அது மற்றவர் துணிக்கும் போய்விடும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். பட்டை மட்டும் அலச வேண்டாம். அந்துருண்டை வாசனை இருந்தால் நிழலில், காற்றில் சில நாள் போடுங்கள். இஸ்திரி போட வேண்டாம், மடிப்போரம் எங்கே போயிருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். சாயங்காலம் போகாதீர்கள், வெளிச்சம் இல்லாமல் துணியைக் கையில் வாங்கவே மாட்டார். ஆவணியில் கொடுத்தால் மழைக்கு முன்னே அலசிக் காயப்போட வெயில் கிடைக்கும். பட்டுச் சேலையோடு போகிறவர்கள் ஒரு பருத்திச் சேலையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், போன வேலையாவது ஆகும்.